'கொப்பி' எழுதும் வேலைக்கு எங்கே படிப்பது? வன்னியிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் விசுவமடுவிலிருந்து தெரிந்த அக்கா ஒருவர் எடுத்தார். "தம்பி, பெட்டை விளம்பரம் படிக்கப்போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். கொழும்பில ஒரு இடத்தில லட்சக்கணக்கில கேக்கினம். சங்கிலியை வைக்கட்டோ?" மகள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். வடிவாகப் படம் கீறுவாள், நாலு வரி எழுதச் சொன்னால் சிரிக்க வைப்பாள். ஒரு கிழமை பொறுங்கோ அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசித்தபோதுதான் தெரிந்தது, இதே கேள்வியை வவுனியாவில் பிளெக்ஸ் கடையில் நிற்கும் ஒரு தம்பியும் மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சியும் ஏற்கனவே கேட்டிருக்கிறார்கள், நான்தான் 'பிறகு கதைப்பம்' என்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே மூன்று பேருக்கும் சேர்த்து இது.

என்னைப் பற்றி ஒரு வரி: கொழும்பில் விளம்பர ஏஜென்சிகளில் தமிழ்க் கொப்பிரைட்டராக, அதாவது விளம்பரத்துக்கு வாசகம் எழுதுகிறவராக, எட்டு வருடம் இருந்தேன், இப்போது பரந்தனுக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறேன். முதல் வேலை கிடைத்து வந்து சொன்னபோது அம்மம்மா "கொப்பி எழுதிற வேலையோ? பள்ளிக்கூடம் முடிஞ்சும் விடேல்லையோ?" என்றார். இன்றைக்கும் வீட்டில் அதுதான் பேர்.

## முதலில், இரண்டில் எந்த வேலை?

கொப்பிரைட்டர் சொல்லைப் பார்ப்பவர், ஆர்ட் டைரக்டர் தோற்றத்தைப் பார்ப்பவர். ஆனால் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து முதலில் ஐடியாவைத்தான் தேடுவார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பு எழுதுகிறவர் எழுதி அனுப்புவார், படம் கீறுகிறவர் வேறு அறையில் இருந்து அதற்கு ஏற்றபடி கீறுவார். 1949இல் நியூயோர்க்கில் டிடிபி என்ற ஏஜென்சியைத் தொடங்கிய பில் பேர்ன்பாக் இருவரையும் சோடியாக உட்காரவைத்தார். அங்கிருந்து வந்ததுதான் 1959இன் வோக்ஸ்வாகன் விளம்பரம்: பெரிய வெள்ளைப் பக்கம், மூலையில் சின்னதாக ஒரு கார், 'சின்னதாக யோசியுங்கள்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. எழுதியவர் ஜூலியன் கோனிக், வடிவமைத்தவர் ஹெல்மட் க்ரோன். படத்தை எடுத்துவிட்டால் தலைப்புக்கு அர்த்தமில்லை, தலைப்பை எடுத்துவிட்டால் அச்சகத்தில் ஏதோ பிழை விட்டுவிட்டார்கள் என்று நினைப்பீர்கள்.

நம்மூரில் 'கிராபிக் டிசைன்' என்று போர்டு போட்ட வகுப்புகளில் ஐடியா என்ற இந்தப் பகுதியே இருக்காது. கருவிகளைச் சொல்லித் தருவார்கள், அவ்வளவுதான். கருவி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் 2014இல் லியோ பர்னெட் ஸ்ரீலங்கா செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். டெங்கு பரவிய நேரத்தில் 'மவ்பிம' என்ற சிங்களப் பத்திரிகையை, நுளம்பை விரட்டும் சிற்றனெல்லா எண்ணெய் கலந்த மையில் அச்சடித்தார்கள். பேப்பர் வாசிக்கும் நேரம் நுளம்பு கிட்ட வராது. அதற்கு எந்த போட்டோஷொப் வகுப்பு தேவைப்பட்டது?

கொப்பிரைட்டர் ஆக நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான விளம்பரங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ யோசிக்கப்பட்டு, கடைசி நாள் பின்னேரம் 'இதைத் தமிழில் போட்டுத் தாங்கோ' என்று வரும். அதனால்தான் வங்கி, தொலைபேசிக் கம்பனி விளம்பரங்களில் பாதித் தமிழ் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. சில இடங்களில் மொழிபெயர்ப்பை மெஷினிடமே விட்டுவிடுகிறார்கள், அது நிறையத் தடவை இந்தியத் தமிழைத்தான் தரும். நாங்கள் 'பத்து வீதம் கழிவு' என்றால் விலைக்குறைப்பு. தமிழ்நாட்டில் கழிவு என்றால் குப்பை. இங்கே சவர்க்காரம், பாண், சீனி. வன்னியில் இன்னும் சில பேக்கரிகளில் 'வெதுப்பகம்' என்று பலகை தொங்கும், அதை வாசிக்கிற ஆளுக்கு என்ன உணர்வு வரும் என்று கொழும்பில் இருக்கும் யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதற்குத்தான் ஏஜென்சி காசு தரும். மொழிபெயர்ப்பு மட்டும் செய்கிறவரின் இடம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது.

## எதை வைத்து நிறுப்பது

ஏஜென்சி நேர்முகத்தில் என் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. 'ஃபோல்டரைக் காட்டு' என்பார்கள். ஐந்தாறு ஐடியா, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வடிவத்தில், அவ்வளவுதான். டேவிட் ஒகில்வி ஒக்ஸ்போர்டை முடிக்காமல் வெளியே வந்து, ஸ்கொட்லாந்தில் வீடு வீடாக அடுப்பு விற்ற ஆள். அதற்காக எல்லோரும் படிப்பை விடுங்கோ என்றில்லை, அவர் மாதிரி ஆயிரத்தில் ஒருவர். ஆனால் நான் எந்த வகுப்பையும் இந்த ஐந்து கேள்வியால்தான் நிறுப்பேன்:

1. முடியும்போது கையில் காட்டத்தக்க வேலை எத்தனை இருக்கும்?
2. என் வேலையைப் பார்த்து 'இது சரியில்லை, ஏனென்றால்...' என்று சொல்லும் ஆள் யார்? அந்த ஆள் இந்தத் தொழிலில் இருந்தவரா?
3. கட்டணத்துக்கு வெளியே என்ன செலவு? போடிங், சாப்பாடு, லப்டொப், டேட்டா, உழைக்காமல் இருக்கும் மாதங்கள்.
4. எந்த மொழியில் நடக்கும்?
5. ஏஜென்சிக் கதவு ஏதாவது திறக்குமா?

இரண்டாவது கேள்விதான் என் கண்ணில் பெரிசு. வன்னியில் இருக்கும் பிள்ளைக்கு யூரியூப் இருக்கிறது, திறமையும் இருக்கிறது, திருத்துகிற ஆள்தான் இல்லை. 'சூப்பர் டா' என்று லைக் போட நூறு பேர் இருக்கிறார்கள்.

## வழி ஒன்று: அரச பல்கலைக்கழகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'கிளிநொச்சியில கம்பஸ் இருக்குத்தானே, அங்க படிக்கலாமே' என்று பெற்றோர் கேட்பார்கள். அறிவியல் நகரில் இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். உங்களுக்கு வேண்டிய சித்திரமும் வடிவமைப்பும் மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் பீடத்தில். ஊடகக் கற்கைகள் கலைப்பீடத்தில், யாழ்ப்பாணத் திருநெல்வேலியில். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் கட்புலக் கலை இருக்கிறது. ஆங்கிலத்தில் தைரியம் இருந்தால் மொறட்டுவையின் டிசைன் பட்டப்படிப்பும் உண்டு, அதற்கு உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும், ஏ.எல். புள்ளி மட்டும் போதாது.

கட்டணம் இல்லை. வீட்டு வருமானத்தைப் பொறுத்து மகாபொல உதவித்தொகை கிடைக்கலாம். ஆர்ட் டைரக்டராக நினைக்கிறவர்களுக்கு நான்கு வருடம் கை ஓயாமல் கீறுவதும், வரி, நிறம், இடைவெளி என்று கண் பழகுவதும் வேறெந்த வழியிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. மருதனார்மடத்துப் பிள்ளைகள் சிலரோடு வேலை செய்திருக்கிறேன், கண் நல்ல கண்.

ஒளிந்திருக்கும் செலவு காலம். ரிசல்ட் வந்து, இசட் புள்ளி வந்து, அனுமதி வந்து, வகுப்புத் தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும், பிறகு நான்கு வருடம். அதோடு அங்கே சொல்லித் தருவது கலை. ஒரு சவர்க்காரக் கம்பனிக்காரர் 'லோகோவைப் பெரிசாக்குங்கோ' என்று ஐந்தாவது தடவை சொல்லும்போது என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஃபோல்டரை நீங்களேதான் கட்ட வேண்டும். நான்கு வருடம் இருக்கிறதே என்று கடைசி வருடம் வரை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாருக்குச் சரி: புள்ளி வரும் பிள்ளைக்கு, ஆர்ட் டைரக்ஷன் பக்கம் போகிறவருக்கு, வீட்டில் அவசர உழைப்புத் தேவை இல்லாதவருக்கு. கொப்பிரைட்டருக்கு எந்தப் பட்டமும் பரவாயில்லை. தமிழோ வரலாறோ பொருளியலோ படியுங்கள், வாசிக்க நேரம் கிடைக்கும்.

## வழி இரண்டு: கொழும்பில் தனியார் படிப்பு

இதில் இரண்டு சாதி இருக்கிறது, பலர் கலந்துவிடுகிறார்கள். ஏஓடி மாதிரி டிசைன் பள்ளிகள் ஒரு பக்கம், அங்கே வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தே படிக்கலாம். இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவனம், அதாவது எஸ்எல்ஐஎம், நடத்தும் டிப்ளோமாக்கள் மறுபக்கம். இரண்டாவது சந்தைப்படுத்தலைச் சொல்லித் தருவது. அதைப் படித்தால் ஏஜென்சியில் கிளையன்ட் சேர்விசிங் (வாடிக்கையாளர்களோடு கதைத்து வேலையை நடத்துவது) பக்கம் அல்லது கம்பனியில் பிராண்ட் மனேஜர் பக்கம் போகலாம். 'விளம்பரம் படிக்கிறன்' என்று அதில் சேர்ந்து, ஒரு வருடம் கழிந்த பிறகு இங்கே தலைப்பு எழுதச் சொல்லித் தரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். படிப்பில் பிழையில்லை, அவர் தேடியது வேறு.

டிசைன் பள்ளியின் நல்ல பக்கம் வெளிப்படை: தொழிலில் இருப்பவர்கள் வந்து பாடம் எடுப்பார்கள், வேலையைச் சுவரில் ஒட்டி எல்லோர் முன்னும் கிழிப்பார்கள், முடியும்போது ஃபோல்டர் இருக்கும், வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் நாளைக்கு ஏஜென்சியில் இருப்பார். என் ஐந்து கேள்வியில் முதலாவது, இரண்டாவது, ஐந்தாவதுக்கு நல்ல புள்ளி.

இனிச் செலவு. கட்டணம் லட்சங்களில், சில பட்டங்களுக்கு அதன் ஒரு பகுதி பிரித்தானியப் பவுணில். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை போனபோது, பாதியில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வெள்ளவத்தையில் போடிங் வாடகை ஒரு மாதம் கேட்டால் கிளிநொச்சியில் வீடே எடுக்கலாம் போலிருக்கும். சாப்பாட்டுப் பார்சல், பஸ், கிழமைக்கு ஒருக்கா பிரின்ட் போடும் செலவு, மெக் கணினி வேண்டும் என்ற சத்தமில்லாத அழுத்தம். எல்லாம் ஆங்கிலத்தில், இடைவேளைப் பகிடி சிங்களத்தில். முதல் ஆறு மாதம் நல்ல கெட்டிக்காரப் பிள்ளையும் வாய் திறக்காது, அந்த ஆறு மாதத்துக்கும் நீங்கள்தான் காசு கட்டியிருப்பீர்கள்.

யாருக்குச் சரி: கடன் இல்லாமல் கட்டக்கூடிய குடும்பத்துக்கு, ஆங்கிலம் ஏற்கனவே ஓடுகிற பிள்ளைக்கு, நிச்சயமாக ஆர்ட் டைரக்டர்தான் என்று தெரிந்தவருக்கு. தமிழ்க் கொப்பிரைட்டர் ஆக இதில் போய்ச் சேருவது, கச்சான் வறுக்க மைக்ரோவேவ் வாங்குவது மாதிரி.

## வழி மூன்று: ஊரில் கிராபிக்ஸ் வகுப்பு

இதிலும் இரண்டு வகை. தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச இடங்களில் என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமை, நான்காம் மட்டம் வரை கணினி வரைகலைப் பயிற்சி எடுக்கலாம், கட்டணம் இல்லை அல்லது பெயருக்குத்தான். ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டம். அரச அங்கீகாரம் உண்டு, வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் அந்தத் தாள் உதவும். கருவி பழக இது போதும், சத்தியமாகப் போதும்.

மற்றது சந்திக்குச் சந்தி இருக்கும் தனியார் வகுப்பு. நானும் ஒன்றில் படித்தேன், எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆறு மாதம், முழுக்காசும் முன்கூட்டியே. முதல் மாதம் போட்டோஷொப்பில் ஒவ்வொரு பட்டனின் பெயரையும் கொப்பியில் எழுதினோம் (அம்மம்மா சொன்னது சரிதான்). கடைசி மாதம் ஆளுக்கொரு பிறந்தநாள் பேனர் செய்தோம். தங்க நிற விளிம்போடு பெரிய சான்றிதழ் தந்தார்கள், நேர்முகத்தில் அதைக் கோப்பிலிருந்து எடுக்கவே சந்தர்ப்பம் வரவில்லை.

அங்கே கற்றுக்கொள்ளாத, ஆனால் பிறகு தலையிடி தந்த ஒரு விஷயம் தமிழ் எழுத்துரு. நம்மூர் வகுப்புகளும் அச்சகங்களும் இன்னும் பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் ஓடுகின்றன. கொழும்பு ஏஜென்சிகளிலிருந்து கொப்பி யூனிகோடில் வரும், வலைத்தளமும் பேஸ்புக்கும் யூனிகோடுதான். பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். யூனிகோடைப் பழைய போட்டோஷொப் பதிப்புகளில் ஒட்டினால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும், பிரிஃபரன்ஸில் எழுத்துப் பகுதிக்குப் போய் உலக மொழிகளுக்கான லேஅவுட்டைத் தெரிவு செய்யாவிட்டால். இந்த ஒரு செற்றிங் தெரியாமல் ஒரு முழு இரவு நான் எழுத்தெழுத்தாக ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று, தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத் தலைப்புக்கு விட்ட இடத்தில் தமிழ் அடங்காது, அடங்கவைக்க எழுத்தை நசுக்குவார்கள், ரோட்டோரப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். தமிழை முதலில் வைத்து லேஅவுட் போடத் தெரிந்த ஆர்ட் டைரக்டருக்கு இந்த நாட்டில் நல்ல கிராக்கி இருக்க வேண்டும், இருக்கிறது.

தனியார் வகுப்பில் சேர முன் மூன்று கேள்வி கேளுங்கள். போன வருடம் படித்த இரண்டு பேரின் வேலையைக் காட்ட முடியுமா? படிப்பிக்கிறவர் செய்து வெளியே வந்த விளம்பரம் எது? தமிழை எதில் அடிக்கிறீர்கள்? மூன்றாவதுக்கு முழிப்பார்களென்றால் எழும்பி வாருங்கள்.

யாருக்குச் சரி: கணினியையே தொடாதவருக்கு, அரச இடமாக இருந்தால். ஃபோல்டரும் வராது, ஏஜென்சிக் கதவும் திறக்காது, அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

## வழி நான்கு: இணையமும் நீங்களும்

மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். மலிவுதான், ஆனால் கணக்கைப் பார்ப்போம். அடோபி மாதச் சந்தா டொலரில், வீட்டில் யாரிடமாவது கார்ட் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இங்க்ஸ்கேப் இலவசம், தமிழ் யூனிகோட் அதில் உடையாமல் வரும். போட்டோபீ உலாவியிலேயே ஓடும், ஃபிக்மாவுக்கு இலவசக் கணக்கு உண்டு. கூகுள் எழுத்துருக்களில் கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று தமிழ் எழுத்துகள் கிடைக்கின்றன, காசும் இல்லை, களவும் இல்லை. பழைய லப்டொப் ஒன்று போதும். வெளிநாட்டு வேலை எடுக்கலாம் என்று கனவு காண்பவர்களுக்கு: இலங்கையில் பேபாலில் காசு அனுப்பலாம், பெற முடியாது. பேயோனியர் மாதிரி வேறு வழி பார்க்க வேண்டும்.

பாடத்துக்குப் பஞ்சமில்லை. லண்டனில் வடிவமைப்பு, விளம்பரத் துறைக்கான டி அண்ட் ஏடி அமைப்பு ஒவ்வொரு வருடமும் நியூ பிளட் என்ற போட்டிக்கு உண்மையான கம்பனிகளின் பிரீஃபை (என்ன விளம்பரம் வேண்டும் என்று தரும் குறிப்பை) வெளியிடும். பிரீஃபைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதை எடுத்து நீங்களாகச் செய்து பாருங்கள், பிறகு வென்றவர்களின் வேலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறு எரியும். நல்லது.

ஆனால் நான் அதைவிட ஊர்ச் சரக்கைச் சொல்வேன். முறிகண்டிக் கச்சானை எடுங்கள். பிள்ளையார் கோயிலடியில் பஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும், வரிசையாக ஒரே மாதிரிக் கடைகள், ஒரே மாதிரிச் சுருள், ஒரே விலை. ஏன் ஒரு ஆள் உங்கள் கடைக்கு வர வேண்டும்? இதைவிடக் கடினமான பிரீஃப் எந்த ஏஜென்சியிலும் வராது. புதுக்குடியிருப்புத் தயிர்ச்சட்டி, நந்திக்கடல் இறால், ஊரில் ரத்ததானம், இரணைமடு வான்கதவு திறக்கும்போது கீழே குளிக்க வேண்டாம் என்ற அறிவித்தல். ஒவ்வொன்றுக்கும் முப்பது தலைப்பு எழுதுங்கள். முதல் பத்தும் எல்லோருக்கும் வரும், எதுகை மோனையோடு வரும், அதைத் தூக்கிப் போடுங்கள்.

இந்த வழியின் பெரிய ஓட்டை முன்பே சொன்னதுதான், திருத்த ஆள் இல்லை. இரண்டாவது, சோடி இல்லை. எழுதுகிறவர் கீறுகிற ஒருவரைத் தேட வேண்டும். அவர் அடுத்த ஊரில் இருக்கலாம், வட்ஸ்அப் போதும். மூன்றாவது, யாரும் கேட்காததால் மூன்றாம் மாதம் நின்றுவிடும், தொண்ணூறு வீதம் பேருக்கு (இது என் கண் கணக்கு, என்னையும் சேர்த்து). ஏஜென்சியில் இருக்கும் ஒருவருக்கு மூன்று வேலையை மட்டும் வைத்து மரியாதையாக எழுதுங்கள், 'வேலை தாங்கோ' என்று எழுதாமல் 'இதில் எது பலவீனம்?' என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். நான் அப்படித்தான் உள்ளே போனேன்.

யாருக்குச் சரி: கொப்பிரைட்டருக்கு, முதல் தெரிவாகவே. ஆர்ட் டைரக்டருக்கு மற்ற வழிகளோடு சேர்த்து.

## வழி ஐந்து: கடையிலோ ஏஜென்சியிலோ நின்று பழகுவது

பிளெக்ஸ் கடைத் தம்பி, இது உங்களுக்கு. கடையை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கோரல்ட்ராவில் கை வேகம், அச்சில் நிறம் எப்படி மாறும், தூரத்தில் எது தெரியும், வாடிக்கையாளர் வாயால் சொல்வதும் மனதில் நினைப்பதும் எவ்வளவு வேறு, இதெல்லாம் பட்டதாரிகளுக்கு வர ஒரு வருடம் எடுக்கும். சம்பளமும் வருகிறது. ஆபத்து என்னவென்றால் கல்யாண பேனர், பூப்புனித நீராட்டு பேனர், மரண அறிவித்தல் என்று நாளுக்குப் பதினைந்து செய்து, யோசிக்காமலே செய்யும் பழக்கம் கையில் ஏறிவிடும். கிழமைக்கு ஒன்றையாவது உங்கள் விருப்பப்படி செய்து வாடிக்கையாளருக்கு இரண்டாவது தெரிவாகக் காட்டுங்கள். ஒருவர் ஓம் என்றாலும் அது ஃபோல்டருக்குப் போகும்.

ஏஜென்சி இன்டர்ன் என்றால் மூன்று முதல் ஆறு மாதம், கையில் வரும் காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகலாம், போடிங்குக்குக் காணாது. பிட்ச் (புதுக் கம்பனியைப் பிடிக்க ஐடியா காட்டுவது) நேரம் இரவு பன்னிரண்டு மணியாகும். பெண் பிள்ளைகள் திரும்பிப் போக வாகனம் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. சிங்களம் கதைக்க வராவிட்டால் கஷ்டம், ஆனால் மூன்று மாதத்தில் வந்துவிடும், எனக்கு வந்தது. திருத்தும் ஆள் என்ற கேள்விக்கு இதற்கு மேல் ஒரு வழி இல்லை, கிரியேட்டிவ் டைரக்டர் உங்கள் தாளைக் கசக்கிப் போடும்போது காரணமும் சொன்னால்.

யாருக்குச் சரி: ஏற்கனவே மூன்று நான்கு வேலை கையில் இருப்பவருக்கு. வெறுங்கையோடு போனால் தேத்தண்ணி ஊற்றுவதும் ஸ்கேன் பண்ணுவதும்தான்.

## இந்தியா?

சுருக்கமாக. சென்னை லயோலாவில் விஷுவல் கம்யூனிகேஷன் நல்ல பெயர் எடுத்த படிப்பு, அகமதாபாத்தில் மைக்கா இருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் வந்துவிட்டது, ஆகத் தூரம் பெரிசில்லை. இந்திய அரசின் ஐசிசிஆர் புலமைப்பரிசில் கிடைத்தால் போங்கள். சொந்தக் காசில் என்றால், படித்து முடித்து அங்கே வேலை செய்ய விசா லேசில்லை, இங்கே திரும்பும்போது ஏஜென்சியில் ஒருவரையும் தெரிந்திருக்காது. உங்கள் 'கழிவு' அங்கே 'தள்ளுபடி' ஆகியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | கையில் வரும் வேலை | திருத்தும் ஆள் | ஒளிந்த செலவு |
|---|---|---|---|
| அரச பல்கலைக்கழகம் | கலை வேலை நிறைய, விளம்பரம் குறைவு | ஓவியக் கண்ணுக்கு உண்டு | ஐந்து வருடம் |
| கொழும்பு தனியார் | நல்ல ஃபோல்டர் | உண்டு, தொழிலில் இருப்பவர் | போடிங், நாணய மாற்று, ஆங்கிலம் |
| ஊர் வகுப்பு | பேனர் | அனேகமாக இல்லை | பாமினிப் பழக்கம் |
| இணையம் | உங்கள் கையில் | நீங்கள் தேட வேண்டும் | சோம்பல் |
| கடை, இன்டர்ன் | கடையில் மெதுவாக, ஏஜென்சியில் கெதியாக | ஏஜென்சியில் உண்டு | இரவு வேலை, போடிங் |

இவற்றில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. மல்லாவித் தங்கச்சி எழுதுகிறவர், அவருக்கு நான்காவதும் பிறகு இன்டர்னும். வவுனியாத் தம்பி கடையை விடாமல் யூனிகோடைப் பழகி, எழுதுகிற ஒருவரைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரின் நம்பரையும் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டிருக்கிறேன், சண்டை பிடிக்காமல் இருந்தால் சரி.

விசுவமடு அக்காவுக்கு ஒரு கிழமை கழித்து எடுத்தேன். ரிசல்ட் வரும் வரை பொறுங்கோ, புள்ளி வந்தால் மருதனார்மடம், இப்போதைக்குச் சங்கிலியைத் தொடாதேங்கோ, மகளிடம் போனைக் கொடுங்கோ என்றேன். பிள்ளையிடம் முறிகண்டிக் கச்சான் பிரீஃபைச் சொன்னேன். மாமாவின் பழைய லப்டொப் ஒன்று இருக்கிறதாம், சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுமாம், பரவாயில்லை.

பத்து நாளில் மூன்று அனுப்பினாள். முதல் இரண்டும் எதுகை, 'கச்சான் தின்ன யாரும் மிச்சான்?' ரகம். திருப்பி அனுப்பினேன். மூன்றாவது கறுப்புப் பின்னணியில் மூன்று சின்னப் படம், பென்சிலால் கீறியது, கீழே மூன்று வரி:

"பிள்ளையாருக்குத் தேங்காய்.
டிரைவருக்குத் தேத்தண்ணி.
உங்களுக்கு?"

மூன்றாவது படத்தில் கச்சான் சுருள் கொஞ்சம் ஐஸ்கிறீம் கோன் மாதிரி இருக்கிறது, திரும்பக் கீறச் சொல்லியிருக்கிறேன்.